எழுத்துக்கு என்ன சாதி?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட சுவரொட்டிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



சுவரொட்டி பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். சுவரொட்டியில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது எந்த எழுத்தில் வர வேண்டும், அந்த எழுத்தின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை. டிடிபி சென்டரில் என்ன ஃபாண்ட் கிடக்கிறதோ அதில் அடித்துத் தருவார்கள். நாம் வாங்கி வந்து பசை தடவி ஒட்டுவோம். கேட்டால், "உள்ளடக்கந்தான் தோழர் முக்கியம், உருவத்துல என்ன இருக்கு"ன்னு சொல்வோம்.

உருவத்தில் என்ன இருக்கிறது என்று இந்த நாட்டில் நாம் கேட்கலாமா? போட்டிருக்கும் சட்டை, பேசும் பேச்சு, குடியிருக்கும் தெரு, வைத்த பேர் இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் ஆளை இன்னார் என்று படித்துவிடுகிற சமூகம் இது. நம் உடம்பே ஒரு பிரதியாகத்தான் வாசிக்கப்படுகிறது. எழுத்தையும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். வாசகத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே எழுத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறார்கள். அதனால் இன்றைக்கு ஒரே ஒரு அச்செழுத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு எப்படிச் சாதி வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லப்போகிறேன்.

அந்த எழுத்தின் பெயர் நாய்லாண்ட். ஜெர்மன் சொல். புதுநிலம் என்று அர்த்தம். பஞ்சமி நிலமே இன்னும் கைக்கு வரல, புதுநிலத்துக்கு எங்க போறதுன்னு சிரிக்காதீங்க. நிலத்தோட கதைதான் இதுவும். உழுதது யாரு, பட்டா யார் பேர்ல இருக்கு, இதுதான் கேள்வி.

1923இல் இதைச் செய்தவர் ருடால்ஃப் கோஹ். ஜெர்மனியில் ஓஃபன்பாக் என்ற ஊரில் கிளிங்ஸ்போர் என்ற எழுத்து வார்ப்படச்சாலைக்காகச் செய்தார். ஓஃபன்பாக் தோல் வேலைக்குப் பேர்போன ஊர். தோலுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்துப் பெருமைப்படுகிற ஊர். நம் ஊரில் தோல் தொட்டவனை ஊருக்கு வெளியே வைத்தார்கள், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஈய எழுத்து செய்வது எப்படி? முதலில் ஓர் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து விழும். பெரும்பாலும் காகிதத்தில் வரைகிறவர் ஒருவர், எஃகில் செதுக்குகிறவர் வேறொருவர். வரைந்தவர் கலைஞர், செதுக்கியவர் கூலி. உழைப்பை மட்டுமில்லாமல் உழைக்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிப்பதுதான் சாதி என்று பாபாசாகேப் நமக்குக் காட்டியிருக்கிறார். அச்சுக்கூடத்துக்குள்ளும் அந்தப் பிரிவினை இருந்தது. கோஹ் இந்த எழுத்துக்கு முன்கூட்டி எதையும் வரைந்து வைத்துக்கொள்ளவில்லை. நேராக உலோகத்தில் கை வைத்தார். ஒவ்வோர் அளவையும் தானே செதுக்கினார். அதனால் சின்ன அளவில் இருக்கிற எழுத்துக்கும் பெரிய அளவில் இருக்கிற அதே எழுத்துக்கும் சாடை கொஞ்சம் மாறும். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? சின்ன எழுத்தே கிடையாது, எல்லாம் பெரிய எழுத்துதான். தடித்த உடம்பு. ஓரமெல்லாம் வெட்டுக்கத்தியால் சீவியது மாதிரி. வட்டம் வட்டமாக இருக்காது, உடைத்த கல் மாதிரி இருக்கும். வரிசையில் நிற்க வைத்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், பள்ளிக்கூட மணி அடித்ததும் வாசலில் முண்டுகிற பிள்ளைகளைப் போல. குறும்பான எழுத்து. ஆனால் செய்தவர் குறும்புக்காரர் அல்ல. கோஹ் ஆழ்ந்த கிறித்துவ பக்தர். அவருடைய பட்டறையில் வேத வசனங்களைத் துணியில் நெய்தார்கள். ஆப்பிரிக்காவும் காடும் விலங்கும் இந்த எழுத்து பிறந்த இடத்தில் எங்குமே இல்லை.

இந்த எழுத்து கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. முதலில் விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கண்ணை இழுக்கிற எழுத்து அல்லவா? அப்புறம் ஒரு வேலை நடந்தது. ஆப்பிரிக்காவைப் பற்றிய புத்தகமா, போடு இந்த எழுத்தை. கறுப்பின மக்கள் எழுதிய நாவலா, கவிதையா, வரலாறா, போடு இந்த எழுத்தை. விலங்குக் காட்சிச் சாலைக்கும் வேட்டைச் சுற்றுலாவுக்கும் இதே எழுத்து. 1993இல் வந்த ஜுராசிக் பார்க் படத்தின் தலைப்பு எழுத்தை நினைத்துப் பாருங்கள், அது இதுதான். செத்துப்போன பல்லி, காடு, மிருகம், கறுப்பு மனிதர் எல்லாருக்கும் ஒரே எழுத்து! யாரும் சட்டம் போடவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்கிறோம் என்று அந்த ஓவியர்களில் பெரும்பாலோர் நினைத்திருக்கவும் மாட்டார்கள். "பார்த்தா பொருத்தமா தோணுச்சு" என்றுதான் சொல்வார்கள். அந்தத் தோன்றுதல்தான் தோழர்களே நாம் பிடிக்க வேண்டிய இடம். சாதி சட்டத்தில் இருப்பதைவிடத் தோன்றுதலில்தான் அதிகம் இருக்கிறது.

2004இல் ராப் ஜியாம்பியெட்ரோ என்கிற அமெரிக்க வடிவமைப்பாளர் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். நாய்லாண்ட், லித்தோஸ் என்ற இரண்டு எழுத்துகளும் கறுப்பர் என்பதன் குறியாக எப்படி ஆக்கப்பட்டன என்பதுதான் விஷயம். இந்த லித்தோஸ் கதை இன்னும் வேடிக்கை. 1989இல் அடோபி நிறுவனத்துக்காக கரோல் ட்வாம்ப்ளி என்ற பெண் அதைச் செய்தார். மூலம் எது தெரியுமா? பழைய கிரேக்கக் கல்வெட்டு. அதே ஆண்டு, அதே நிறுவனத்துக்கு, அதே கை இன்னோர் எழுத்தையும் செய்தது. டிராஜன் என்று பேர். அதன் மூலம் ரோமாபுரியில் கி.பி. 113இல் நிறுவிய டிராஜன் தூணின் அடியில் இருக்கிற கல்வெட்டு. இரண்டும் கல்லில் பிறந்தவை, இரண்டும் ஐரோப்பாவின் பழம்பெருமை, இரண்டையும் பெற்றவர் ஒருவரே. என்ன ஆச்சு? டிராஜன் கௌரவமான இடங்களுக்குப் போனது. 1997இல் வந்த டைட்டானிக் படத்தின் தலைப்பு அதில்தான். லித்தோஸ் "பழங்குடித்தனம்" என்ற பெட்டிக்குள் விழுந்தது. ஓரம் நேராக, கால் ஊன்றி நின்றது மேல்சாதி. கொஞ்சம் சாய்ந்து ஆடியது கீழ்சாதி.

கிரேக்கத்தின் கல்லுக்கே கதி இதுவென்றால் எழுத்துக்குப் பிறப்பு என்று ஒன்று இருக்கிறதா? இல்லை. வைக்கிற இடத்தில்தான் அதற்குச் சாதி வருகிறது. இதை அரசாங்கமே செய்த சம்பவமும் உண்டு. ஜெர்மனியில் உடைந்த கோணங்களோடு இருக்கும் பழைய கறுப்பெழுத்தைத்தான் "எங்கள் இனத்தின் எழுத்து" என்று நாஜிகள் கொண்டாடினார்கள். 1941 ஜனவரி 3ஆம் தேதி மார்ட்டின் போர்மன் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இவை யூத எழுத்துகள், இனி கூடாது என்று. நேற்றுவரை ஆரிய எழுத்து, இன்று காலையிலிருந்து யூத எழுத்து. அந்தச் சுற்றறிக்கையின் தலைப்புத்தாளே அதே கறுப்பெழுத்தில்தான் அச்சாகியிருந்தது! அதிகாரம் நினைத்தால் ஒரே இரவில் சாதி மாற்றும், பூணூல் போடும், பிடுங்கும்.

இதில் அச்சுத் தொழிலுக்கும் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், தப்பி ஓடிய அடிமையைப் பிடிக்கச் சொல்லும் விளம்பரம் பத்திரிகையில் வரும். பக்கத்தில் தோளில் மூட்டையோடு ஓடுகிற ஒரு மனித உருவம் சின்னதாக இருக்கும். அது யாருடைய படமும் இல்லை. எழுத்து வார்ப்படச்சாலைக்காரன் தயாராகச் செய்து விற்ற பிளாக். வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். எந்த மனிதன் ஓடினாலும் அதே பிளாக். ஓடிய ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் இருந்தது, பேர் இருந்தது, பெட்டிக்குள் இருந்ததோ ஒரே அச்சு. முத்திரை குத்துவது என்று சொல்கிறோமே, அது உவமை இல்லை, நிஜமான ஈயம்.

நம் ஊருக்கு வருகிறேன். நான் சுவரெழுத்து எழுதிச் சாப்பிட்டவன், அட்டைப்படமும் எழுதுவேன். ஒரு பதிப்பகத்திலிருந்து (பேர் வேண்டாம்) கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பு எழுதச் சொன்னார்கள். படித்துப் பார்த்தேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கவிதைகள். கோப்பு, வருகைப் பதிவேடு, தனியாக வைக்கப்பட்ட தண்ணீர்க் குவளை. அந்த அலுவலகத்தின் குளிர்ந்த கொடுமைக்கு ஏற்றாற்போல மெலிந்த, நேரான, சுத்தமான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். "தலித் புக் மாதிரியே இல்லையே சார், கொஞ்சம் ரஃப்பா, மண்வாசனையோட, கோபமா வேணும்." அந்த அம்மா வேலை பார்க்கிற இடத்துல மண்ணே இல்லைங்க, மொசைக் தரை. கவிதையை யாரும் படிக்கவில்லை, ஆள் யார் என்று விசாரித்துவிட்டு எழுத்தைத் தீர்மானித்தார்கள். தனிக் குவளை வைத்தவனும் ரஃப் எழுத்து கேட்டவனும் ஒரே தர்க்கத்தில்தான் நிற்கிறார்கள்.

"அப்படின்னா முரட்டு எழுத்தே வேணாமா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல வரவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். முரட்டு எழுத்து என்பது இயல்பாக வருவதில்லை, அது வித்தை. கோஹ் செதுக்கியதில் ஓரம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் எழுத்துக்கு நடுவில் இருக்கிற வெள்ளை பிசகாது. கோணலாக எழுதிவிடலாம், கோணலாக எழுதியது தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டுமே, அதற்கு வருசக்கணக்கில் கை பழக வேண்டும். பறை அடிக்கிறவரைப் பார்த்து "ரத்தத்துலயே இருக்கு" என்று பாராட்டுகிறார்கள். பயிற்சியைத் திருடி ரத்தத்தில் சேர்க்கிறார்கள். நம் எழுத்தைப் பார்த்து "பச்சையா இருக்கு, இயல்பா இருக்கு" என்று சொன்னால் சந்தோசப்படாதீர்கள். எத்தனை நாள் கற்றேன் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, போராட்டம் எப்போதும் முரட்டு எழுத்தில்தான் பேசியது என்பதும் பொய். 1968 பிப்ரவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள், மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கியவர்கள், குப்பையை நசுக்கும் பொறி இயங்கிச் செத்துப்போனார்கள். பிப்ரவரி 12இல் சுமார் 1300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் பிடித்த அட்டையில் இருந்தது நான்கே சொல்: ஐ ஆம் எ மேன். நான் ஒரு மனிதன். கிளேபோர்ன் தேவாலயத்தில் அச்சடித்தார்கள். அந்த எழுத்தைப் பாருங்கள். கட்டை எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து, அலங்காரம் கிடையாது, ஆட்டம் கிடையாது. "ஆம்" என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் ஒரு கோடு. "டேய் பையா" என்று கூப்பிடப்பட்டவர்கள் மனிதன் என்று சொல்லும்போது எழுத்து குறும்பு பண்ணக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது அந்தப் போராட்டத்துக்கு வந்த இடத்தில்தான். ஏப்ரல் 16இல் தொழிலாளர்கள் வென்றார்கள். நம் ஊரில் மனிதரே மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இலும் 2013இலும் சட்டம் வந்தும் இன்னும் ஆட்கள் குழிக்குள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அட்டை நமக்கும் சொந்தம்.

அதே காலத்தில் கறுப்புச் சிறுத்தைகளின் பத்திரிகையில் எமரி டக்ளஸ் வேறு மாதிரி செய்தார். சிறுவர் சீர்திருத்தச் சிறைக்குள் இருந்த அச்சகத்தில் தொழில் பழகியவர் அவர். 1967இல் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்குத் தடித்த கறுப்புக் கோட்டில், மரத்தில் வெட்டியது போன்ற சாயலில் படம் போட்டார். மலிவான தாள், குறைந்த வண்ணம், தூரத்திலிருந்து தெரிய வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்த முரட்டுக் கோடு. அது அவர் எடுத்த முடிவு, யாரோ அவர் மேல் ஒட்டிய சீட்டு அல்ல. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் தோழர்களும் தலித் பேந்தர் என்று பேர் வைத்தது அந்தச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான்.

மெம்ஃபிஸின் கட்டை எழுத்தா, டக்ளஸின் முரட்டுக் கோடா? இந்தக் கேள்வி நமக்குப் புதிசில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். எந்தப் பேரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பில் போட்டார், பறையன் என்று. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் பத்திரிகை தொடங்கினார். நீ கொடுத்த பேரை நான் ஏற்க மாட்டேன் என்று ஒரு பைசாத் தமிழன் என்று வைத்தார். ஒருவர் முத்திரையைப் பிடுங்கித் திருப்பிக் காட்டினார், இன்னொருவர் முத்திரையையே தூக்கி எறிந்தார். யார் சரி என்று நூறு வருசம் கழித்தும் சண்டை போடலாம். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான், தலைப்பைத் தீர்மானித்தது அவர்கள். எழுத்திலும் எனக்கு அந்த அளவுகோல்தான். முரட்டு எழுத்தை நாமே எடுத்தால் ஆயுதம், நம் மேல் மாட்டினால் விலங்கு.

இனி கைவேலைக்கு வருவோம். குறிப்பு எடுக்கிறவங்க எடுத்துக்குங்க.

முரட்டு எழுத்தை இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போடாதீர்கள். அது தலைப்புக்குப் பிறந்த எழுத்து. தப்பட்டை சத்தத்தில் துண்டறிக்கை முழுவதையும் வாசிக்க முடியுமா? கூப்பிடுவதற்குத்தான் அது, கூடிய பிறகு பேசுவதற்கு வேறு எழுத்து வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது, புள்ளி. ஓரத்தைக் கரடுமுரடாக்கினால் முதலில் சாவது புள்ளிதான். மை ஊறினால் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் அழுக்கு மாதிரி தெரியும். "கல்வி எங்கள் உரிமை" என்று எழுதிப் புள்ளி விழுந்துவிட்டால் என்ன வரும் என்று யோசியுங்கள். அதுவும் உரிமைதான், ஆனா நாம கேக்க வந்தது அது இல்ல. ரோமன் எழுத்தில் கோஹுக்கு வேண்டியது 26 எழுத்து, கொஞ்சம் எண், குறி. நமக்கு உகர ஊகார வரிசைக்கு மட்டும் 36 தனி உருவம். கு ஒரு மாதிரி, பு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. 1935இல் பெரியார் குடிஅரசில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறையில் கொண்டுவந்ததும், 1978இல் அரசு அதில் ஒரு பகுதியை ஏற்று ஆணை போட்டதும் இந்தப் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான். ஈயம் கோக்கிறவன் கையையும் படிக்கிற பிள்ளையின் கண்ணையும் நினைத்துச் செய்த வேலை அது. எழுத்தின் உருவம் புனிதம் என்று கத்தியவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

மனு, உண்மை அறியும் குழு அறிக்கை, இறந்தவர்களின் பட்டியல் இவற்றில் ஒருக்காலும் விளையாட்டு எழுத்து கூடாது. மெம்ஃபிஸ் நடந்த அதே 1968இல், டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அந்த 44 பேரை ஆடுகிற எழுத்தில் அச்சடிக்க யாருக்கு மனசு வரும்? அங்கே எழுத்து நிமிர்ந்து, அசையாமல் நிற்க வேண்டும். நீதிபதியோ கலெக்டரோ "இவனுங்க உணர்ச்சிவசப்பட்டவனுங்க" என்று தள்ளிவிடுகிற வாய்ப்பைக் கொடுக்கக்கூடாது.

கடைசியாக, மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. நம் சேரிகளில் சுவரெழுத்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிழைப்பு போனவர்கள். நீலமும் சுண்ணாம்பும் கரைத்து, இரவில் அரிக்கேன் விளக்கு பிடித்து, பெயர்ப்பலகையையும் சிலைப் பீடத்தையும் எழுதியவர்கள். அந்தப் பலகை உடைக்கப்பட்டபோது மறுநாள் திரும்ப எழுதியவர்களும் அவர்கள்தான். சுவர் இடிந்தால் அந்தக் கை போச்சு. போய்ப் படம் எடுங்கள். அவர்களை உட்கார வைத்து முழு வரிசையையும் எழுதி வாங்குங்கள். அதைக் கணினி எழுத்துருவாகச் செய்யுங்கள். அமெரிக்காவில் ட்ரே சீல்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 2016இல் வோக்கல் டைப் என்று தொடங்கி இதைத்தான் செய்தார். மெம்ஃபிஸ் அட்டையின் எழுத்தை வைத்து அவர் செய்த எழுத்துருவின் பேர் மார்ட்டின். நாம் செய்கிற எழுத்துக்கு அந்தச் சுவரெழுத்துக்காரரின் பேரை, அவர் சம்மதித்தால், வையுங்கள். வருமானம் வந்தால் அவருக்குப் பங்கு கொடுங்கள். "நாட்டார் கலை" என்று சொல்லிப் பேரை அழிக்கிற வேலையை நாமும் செய்யக்கூடாது.

பேச்சு போதும். தாளும் தூரிகையும் அங்கே இருக்கு. எல்லாரும் ஒரே சொல்லை எழுதுங்க. கட்டை எழுத்துல ஒண்ணு, முரட்டு எழுத்துல ஒண்ணு. பத்தடி தள்ளி மாட்டிப் பார்ப்போம். சொல்லு "கல்வி". புள்ளி பத்திரம்.